பயிற்சியை வாசலிலிருந்து தொடங்குங்கள்

பெங்களூரில் பல நிறுவனங்களில் பணியிட வன்முறைத் தடுப்புப் பயிற்சி என்றால், வருடத்துக்கு ஒருமுறை லேப்டாப்பில் ஓடும் ஒரு வீடியோ, முடிவில் சில கேள்விகள், ஒரு சான்றிதழ். அதைப் பார்ப்பவர்கள் உள்ளே சீட்டில் இருப்பவர்கள். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, ரிசப்ஷன் பெண், ஹவுஸ்கீப்பிங் அக்கா, கேப் டிரைவர் இவர்களில் ஒருவருக்கும் அந்த லிங்க் போவதில்லை. ஆனால் கொதிப்போடு வரும் ஆளை முதலில் பார்ப்பவர்கள் இவர்கள்தான். பயிற்சிக்கு முதலில் உட்கார வேண்டியவர்களும் இவர்கள்தான் என்பது என் உறுதியான கருத்து.

"அவங்க எங்க பேரோல்ல இல்லையே" என்று எச்.ஆர். சொல்வது செல்லாது. பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டு போஷ் சட்டம் 'ஊழியர்' என்பதில் ஒப்பந்தத் தொழிலாளி, தினக்கூலி, பயிற்சியில் இருப்பவர் எல்லாரையும் சேர்த்தே சொல்கிறது. செக்யூரிட்டி ஏஜென்சிகளுக்கான 2005 சட்டத்தின் மாதிரி விதிகளும் ஒரு காவலருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் கேட்கின்றன. ஏஜென்சியோடு ஒப்பந்தம் போடும்போதே ஒவ்வொரு காவலரின் பயிற்சிச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். ஆள் மாறும்போதெல்லாம் திரும்பக் கேளுங்கள்.

வன்முறை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்காமல் பயிற்சியை வடிவமைக்க முடியாது. திருட வருகிறவர், வாடிக்கையாளர் அல்லது நோயாளியின் உறவினர், உடன் வேலை செய்பவர் அல்லது செய்தவர், ஊழியரின் வீட்டு ஆள் என்று நான்கு வகை. நான்குக்கும் முன்னெச்சரிக்கை வேறு வேறு. 2023 ஜூலையில் அமிர்தஹள்ளியில் ஓர் இணையச் சேவை நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரையும் தலைமைச் செயல் அதிகாரியையும் பட்டப்பகலில் அலுவலகத்துக்குள் வெட்டிக் கொன்றவர் அங்கே முன்பு வேலை செய்தவர். 2020 டிசம்பரில் கோலார் பக்கம் நரசாபுராவில் ஐபோன் ஆலை அடித்து நொறுக்கப்பட்டது. சிலருக்குச் சம்பளம் சரியாகவும் நேரத்துக்கும் போய்ச் சேரவில்லை என்று நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது. அதனால்தான் பேரோல் பார்ப்பவரும் இந்த வகுப்பில் இருக்க வேண்டும் என்கிறேன். "ஓவர்டைம் காசு வரலை" என்று ஒரே லைனிலிருந்து பத்துப் பேர் கேட்டால், அந்தச் செய்தி அன்றைக்கே பாதுகாப்பு மேலாளர் காதுக்குப் போக வேண்டும்.

வகுப்புக்குப் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். மூன்று மணி நேரம் போதும், அதில் ஒரு மணி நேரம்தான் பேச்சு. மீதி நேரம் மூன்று மூன்று பேராகப் பிரித்து நடித்துப் பார்க்க வேண்டும்: ஒருவர் கோபமாக வருகிறவர், ஒருவர் பதில் சொல்பவர், ஒருவர் பார்த்துக் குறிப்பவர். காட்சிகளை உங்கள் இடத்தில் முன்பு நடந்தவற்றிலிருந்து பெயரை எடுத்துவிட்டு எழுதுங்கள். உடம்பில் கை படக்கூடாது, "நிறுத்து" என்றால் உடனே நிறுத்த வேண்டும். முன்பு அடிபட்டவர்கள் காரணம் சொல்லாமல் ஒதுங்கி உட்காரலாம். பெரும்பாலும் கெட்டுப்போகும் இடம் இதுதான்: தெரிந்தவர் கத்துவதைப் பார்த்து எல்லாரும் சிரித்துவிடுவார்கள், காட்சி கேலியாகிவிடும். இரண்டு நிமிடத்தில் வெட்டிவிட்டு, வேறு பிரிவு ஆளை எதிரே நிறுத்தி மறுபடி ஆரம்பியுங்கள்.

கற்றுத்தர வேண்டியதில் முதல் விஷயம், ஒருவர்தான் பேச வேண்டும். கூச்சல் கேட்டதும் மூன்று நான்கு பேர் ஓடிவந்து ஆளுக்கொரு பதில் சொல்வதுதான் நம் வழக்கம். வந்தவருக்குத் தன்னைச் சுற்றி வளைத்துவிட்டார்கள் என்று தோன்றுகிறது, அங்கேதான் கை நீள்கிறது. இரண்டாவது ஆள் தள்ளி நின்று கவனிக்க வேண்டும், வேடிக்கை பார்ப்பவர்களை நகர்த்த வேண்டும், தேவைப்பட்டால் போன் செய்ய வேண்டும். பேசுகிறவர் இரண்டு கை நீளத் தூரத்தில், நேருக்கு நேர் இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் திரும்பி, உள்ளங்கைகள் வெளியே தெரியும்படி நிற்க வேண்டும். விரலை நீட்டக்கூடாது, சமாதானம் செய்வதாக நினைத்துத் தோளில் கை போடக்கூடாது. வெளியே போகும் வழி தனக்கும் திறந்திருக்க வேண்டும், வந்தவருக்கும் திறந்திருக்க வேண்டும்.

"கத்தாதீங்க", "ரூல்ஸ் அப்படித்தான்", "நான் என்ன பண்ணட்டும்" ஆகிய மூன்றையும் ரிசப்ஷனில் தடை செய்துவிடலாம். "என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று பேனாவை எடுங்கள். எழுதுகிற வேகத்துக்கு அவர் பேச்சும் குறையும், தன் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது என்றும் தெரியும். பிறகு உங்களால் உண்மையிலேயே செய்யக்கூடிய இரண்டு வழிகளைச் சொல்லி அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். முடியாததற்கு வாக்குக் கொடுத்தால், அடுத்த வாரம் அவர் இன்னும் இரண்டு பேரோடு வருவார். எல்லை மீறினால் ஒரே ஒரு எச்சரிக்கை: "உதவுறேன் சார். ஆனா மேஜையைத் தட்டினா நான் சூப்பர்வைசரைக் கூப்பிடுவேன்." மறுபடி தட்டினால் கூப்பிட்டே ஆக வேண்டும்.

தமிழ் பேசும் ஊழியர்களுக்கு இந்த ஊரில் இன்னொரு பயிற்சியும் வேண்டும். "பன்னி, கூத்கொள்ளி" (வாங்க, உட்காருங்க), "ஏனாயித்து ஹேளி" (என்ன ஆச்சு, சொல்லுங்க), "நானு கேள்தா இத்தீனி" (நான் கேட்டுட்டு இருக்கேன்) போன்ற பத்துக் கன்னட வாக்கியங்கள் நாக்கில் தயாராக இருக்க வேண்டும். பில்லைப் பற்றிய சண்டை மொழிச் சண்டையாகத் திரும்பிவிட்டால், உங்கள் பக்க நியாயத்தை அங்கே விளக்க முயலாதீர்கள். கன்னடம் நன்றாகத் தெரிந்தவரிடம் உடனே ஒப்படைத்துவிட்டுப் பின்னால் நகருங்கள்.

பேச்சு பலிக்காத கட்டத்தைக் கண்டுகொள்ளவும் பழக்க வேண்டும். கத்திக்கொண்டிருந்தவர் திடீரென்று மௌனமாவது, பல்லைக் கடிப்பது, வாட்சைக் கழற்றுவது, யார் யார் நிற்கிறார்கள் என்று சுற்றிப் பார்ப்பது, ஓரடி முன்னே வருவது. இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் விலக வேண்டிய நேரம். ஆயுதம் தெரிந்தால் பிடுங்கப் போகக்கூடாது. ஓட வழியிருந்தால் ஓடுங்கள், இல்லையென்றால் கதவைப் பூட்டி, மேஜையை நகர்த்தி அடைத்து, போனைச் சைலன்ட்டில் போட்டு 112-ஐ அழையுங்கள். தற்காப்பு உரிமையை, ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் தந்திருக்கிறது, அதுவும் ஆபத்தின் அளவுக்குள்தான். ஆனால் மூன்று மணி நேர வகுப்பில் கைப்பூட்டு, மடக்குப்பிடி எல்லாம் கற்றுத்தர வேண்டாம். தொடர்ந்து பழகாத பிடி தேவைப்படும் நேரத்தில் வராது. அரைகுறையாகக் கற்றவர் ஓட வேண்டிய நொடியில் அங்கேயே நின்றுவிடுவார்.

பொம்மனஹள்ளி, பீன்யா பக்கத்துக் கார்மென்ட்ஸ் ஆலைகளில் எனக்கு மிகவும் கவலை தருவது நான்காவது வகை. வீட்டில் அடிக்கும் கணவர், பெண் வீட்டைவிட்டு வந்த பிறகு தேடி வரும் இடம் ஆலை கேட். அவள் எங்கே தங்கியிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், எத்தனை மணிக்கு ஷிஃப்ட் விடும் என்று நன்றாகத் தெரியும். செக்யூரிட்டி அண்ணன் நல்லெண்ணத்தில் "இரு தம்பி, கூப்பிடறேன்" என்று லைனுக்கு ஆள் அனுப்பிவிடுவார். பயிற்சியில் இதைத் திரும்பத் திரும்ப நடித்துப் பார்க்க வேண்டும். அவள் உள்ளே இருக்கிறாளா, எந்த ஷிஃப்ட், எப்போது போவாள் எதையும் சொல்லக்கூடாது. "உள்ள இருக்கிறவங்க விவரம் யாருக்கும் சொல்றதில்லை, உங்க நம்பர் குடுங்க" என்ற ஒரே பதில், எல்லாருக்கும், எப்போதும். அதன் பிறகு அந்தப் பெண்ணிடம் தனியாக, ஒரு பெண் அதிகாரி பேச வேண்டும்: கேட்டில் கணவரின் போட்டோ வைக்கலாமா, ஷிஃப்ட் நேரத்தை மாற்றலாமா, வேறு கேட் வழியாக விடலாமா, பஸ் ஏறும்வரை ஒருவர் கூட வரலாமா? முடிவு அவளுடையது. "புருஷன் பொண்டாட்டி விஷயம்" என்று ஃப்ளோர் இன்சார்ஜ் சமரசம் பேச உட்காரக்கூடாது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு அதிகாரி இருக்கிறார், பெண்கள் உதவி எண் 181. இரண்டும் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் தமிழிலும் கன்னடத்திலும் ஒட்டியிருக்க வேண்டும், அங்கேதான் யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள முடியும்.

இரவு கேப் பற்றிச் சுருக்கமாக. 2005 டிசம்பரில் இந்த ஊரில் ஒரு கால்சென்டர் பெண்ணைக் கொன்றவர், அன்று அவரை ஏற்றிவர ஒதுக்கப்படாத டிரைவர். ஆப்பில் வந்த வண்டி எண்ணும் டிரைவர் படமும் பொருந்தாவிட்டால் ஏறாமல் டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கை அழைக்க வேண்டும். அப்படி ஏறாமல் நின்றதற்காக லேட் மார்க் போடக்கூடாது. போட்டால் அடுத்த முறை ஏறிவிடுவார்கள்.

வேலையை விட்டு அனுப்பும் கூட்டத்துக்கு மேனேஜர்களுக்குத் தனி வகுப்பு வேண்டும். கதவருகே இருக்கும் அறை, நிறுவனத் தரப்பில் இரண்டு பேர், கதவுப் பக்க நாற்காலி மேனேஜருக்கு, அந்த ஆள் வெளியே போகும் வழியும் அடைபடக்கூடாது. மேஜையில் கத்தரிக்கோல், கண்ணாடி டம்ளர், பேப்பர்வெயிட் வேண்டாம். சேர வேண்டிய பணத்தின் கணக்கு எழுத்தில் தயாராக இருக்க வேண்டும், ஊதியச் சட்டத் தொகுப்பு இரண்டு வேலை நாளில் கொடுக்கச் சொல்கிறது. ஆக்சஸ் கார்டைக் கூட்டம் நடக்கும்போதே முடக்குங்கள். ஆனால் பெட்டியைக் கையில் கொடுத்து எல்லார் கண்ணெதிரிலும் இரண்டு காவலர் நடத்திக் கூட்டிப்போவதை நான் ஏற்கமாட்டேன். அந்த அவமானம் பல நாள் மனதில் கிடந்து வளரும்.

சம்பவம் நடந்துவிட்டால் முதல் ஒரு மணி நேரம் முக்கியம். காயத்துக்கு 108. மருத்துவமனையில் "விழுந்துட்டாங்க" என்று சொல்லாமல் தாக்குதல் என்றே சொல்லுங்கள், அப்போதுதான் மெடிக்கோ லீகல் கேஸாக, அதாவது போலீஸுக்குத் தகவல் போகும் கேஸாகப் பதிவாகும். ரத்தம் பட்ட துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள், பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கிக் கெட்டுப்போகும். சிசிடிவி பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும், அதனால் அன்றைக்கே நகலெடுங்கள். அந்தப் பதிவைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியின் கடிகாரம் பல இடங்களில் தவறாக ஓடும். டிவிஆர் திரையையும் அதன் பக்கத்தில் உங்கள் மொபைல் கடிகாரத்தையும் ஒரே போட்டோவில் எடுத்துவைத்தால் நேர வித்தியாசம் பிறகு பிரச்சினையாகாது. இந்தப் பதிவை நீதிமன்றத்தில் கொடுக்க, சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியம் 63-ஆம் பிரிவின் சான்றிதழ் தேவைப்படும். வீடியோ யாருடைய வாட்ஸாப்புக்கும் போகக்கூடாது.

எந்தக் காவல் நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதியலாம், நகல் இலவசம். புகாரை நிறுவனமே கொடுப்பது நல்லது. கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் பணியிலிருந்த பெண் மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு, 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதாரத் துறை, மருத்துவப் பணியாளர் தாக்கப்பட்டால் ஆறு மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே எஃப்.ஐ.ஆர். பதிய ஏற்பாடு செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. மற்ற அலுவலகங்களும் அதைத் தங்கள் விதியாக எழுதிக்கொள்ளலாம், அடிபட்ட ரிசப்ஷனிஸ்ட் ஸ்டேஷனில் தனியாக உட்கார வேண்டியிருக்காது. பாலியல் தொல்லை என்றால் போஷ் சட்டப்படி நிறுவனத்தில் அமைத்த உள் குழுவிடம் புகார் தர மூன்று மாதம், விசாரணை முடிக்க 90 நாள். அந்தப் பெண் போலீஸுக்கும் போக விரும்பினால் உதவுவது நிறுவனத்தின் சட்டக் கடமை.

அன்று மாலையே எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து நடந்ததைச் சொல்லச் சொல்லும் வழக்கம் வேண்டாம், உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. வீட்டுக்குப் பத்திரமாக அனுப்புங்கள், சம்பளத்தோடு விடுப்பு கொடுங்கள், பேச விரும்பினால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 தமிழிலும் கிடைக்கும் என்று சொல்லுங்கள்.

அடி விழாத சம்பவங்களுக்கும் ஒரு நோட்டு வேண்டும்: மிரட்டல், பின்தொடர்ந்தது, கேட்டில் வந்து நின்றது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் சூப்பர்வைசர் எழுத வேண்டும், சொன்னவருக்கு ஒரு வாரத்துக்குள் என்ன செய்தோம் என்று பதில் போக வேண்டும். பதில் வராத நோட்டில் யாரும் இரண்டாம் முறை எழுதமாட்டார்கள்.

வகுப்பு முடிந்து மூன்று மாதத்தில் ஒத்திகை வையுங்கள், அதுவும் இரவு ஷிஃப்டில். ரிசப்ஷன் மேஜைக்கடியில் இருக்கும் பேனிக் பட்டனை அழுத்தி, ஆள் வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறியுங்கள். பல கட்டடங்களில் அந்த மணி அட்மின் அறையில் அடிக்கும்படி வைத்திருப்பார்கள், அந்த அறை சாயங்காலம் பூட்டப்பட்டுவிடும். மணியைக் கேட்டுக்கு மாற்றிவிட்டு மறுபடி அழுத்திப் பாருங்கள்.