வாலிபால் தேர்வு: பந்தைத் தொடாத நேரத்துக்கும் மதிப்பெண் உண்டு

வாலிபால் பாடம் முடிந்து மதிப்பெண் போடும் நாள் வந்தால் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. மாணவர்களை வரிசையில் நிறுத்தி ஆளுக்குப் பத்து சர்வீஸ் போடச் சொல்கிறோம். பிறகு சுவரில் பந்தை அடித்துக் கொஞ்ச நேரம் பாஸ். எண்ணிக்கையைக் கூட்டிப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. உயர்நிலை வகுப்புகளுக்குப் பல ஆண்டுகளாக உடற்கல்வி எடுத்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த எண்ணிக்கை தேவைதான், ஆனால் அது ஆட்டத்தில் பாதியைக்கூடக் காட்டாது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஓர் அணியில் ஆறு பேர். பந்து நம் பக்கம் வந்தால் அதிகபட்சம் மூன்று தொடுதல்தான். வலையோரம் கை உயர்த்தி எதிரணியின் அடியைத் தடுக்கும் பிளாக்கைக் கணக்கில் எடுக்காவிட்டால், ஒவ்வொரு முறையும் குறைந்தது மூன்று பேர் பந்தைத் தொடாமலேயே இருப்பார்கள். அந்த நேரத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் ஆட்டம் தெரிந்தவர் யார், வெறுமனே கைப்பழக்கம் உள்ளவர் யார் என்பது வெளிப்படுகிறது. அதனால் திறனுக்கு ஒரு தாள், ஆட்டத்துக்கு ஒரு தாள் என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் திறன். சுவரை வைத்துச் சோதிக்கும் முறை பழையது. 1945இல் வந்த பிரேடி சோதனையில், சுவரில் பதினொன்றரை அடி உயரத்தில் ஐந்து அடி நீளக் கோடு போட்டு, அதற்கு மேலே ஒரு நிமிடத்தில் எத்தனை முறை பந்தைத் தட்ட முடிகிறது என்று எண்ணுவார்கள். அது கல்லூரி ஆண்களுக்காக உருவானது. பள்ளி மாணவர்களுக்குக் கோட்டைத் தாராளமாகக் கீழே இறக்கிக்கொள்ளலாம். பாடம் தொடங்கும்போது ஒருமுறை, முடியும்போது ஒருமுறை இதை வைத்தால் ஒரு பிள்ளை எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்பது தெளிவாகத் தெரியும். அதற்கு மேல் இதிலிருந்து எதிர்பார்க்காதீர்கள். சுவர் பந்தை நேராகத் திருப்பித் தரும், எதிரணி அப்படித் தராது.

சர்வீஸுக்கு எதிர்ப்பக்கத்தைப் பகுதிகளாகப் பிரித்து, பின்மூலைகளில் விழுந்தால் கூடுதல் மதிப்பெண் கொடுக்கலாம். அண்டர்ஹேண்ட் சர்வீஸ் போடுபவருக்கு அதற்காக மதிப்பெண் குறைக்க வேண்டாம், விதிப்படி அது முழுக்கச் சரியான சர்வீஸ். விசில் ஊதி 8 விநாடிக்குள் போட வேண்டும் என்ற விதியையும் தேர்விலேயே பழக்கிவிடுங்கள்.

பாஸை மட்டும் தனியாகச் சோதிக்காமல், வந்த சர்வீஸை எடுக்கும்போதே மதிப்பிடுங்கள். பயிற்சியாளர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் 0 முதல் 3 வரையிலான அளவு வகுப்புக்கும் அருமையாகப் பொருந்தும். லிஃப்டர் (தாக்குபவருக்கு இரண்டாம் பந்தைத் தூக்கிக்கொடுப்பவர்) நின்ற இடத்திலிருந்து யாருக்கு வேண்டுமானாலும் தூக்கிக்கொடுக்கலாம் என்றால் 3. லிஃப்டர் சில அடி நகர வேண்டும், ஆனாலும் தாக்கலாம் என்றால் 2. எப்படியோ பந்தை எதிர்ப்பக்கம் அனுப்பிவிடலாம், அவ்வளவுதான் என்றால் 1. புள்ளி போய்விட்டால் 0. ஒரு மாணவர் பத்து சர்வீஸ் எடுத்து, மூன்று முறை 3, நான்கு முறை 2, ஒருமுறை 1, இருமுறை 0 வாங்கினால் கூட்டல் 18, சராசரி 1.8. பள்ளி அளவில் இது நல்ல எண். எண்ணைக் குறிக்கும்போதே கையைவிடக் காலைக் கவனியுங்கள். நன்றாகப் பாஸ் எடுப்பவர் பந்து வலையைத் தாண்டும் முன்பே நகரத் தொடங்கிவிடுவார். பந்து கையில் படும் நேரத்தில் அவர் நின்றுவிட்டிருப்பார், தோளும் முழங்கையும் அமைதியாக இருக்கும். கை வீசி எடுப்பவர்களில் பெரும்பாலானோருக்குப் பிரச்சினை கையில் இல்லை, தாமதமாகக் கிளம்பிய காலில்தான். இதை ஒரு வரியில் தாளில் எழுதிக் கொடுத்தால் அந்தப் பிள்ளைக்கு எண்ணைவிட அதிகம் உதவும்.

அடுத்தது ஆட்டம். ஆறுக்கு ஆறாக ஆடவிட்டால் ஒரு பாடவேளையில் சிலருக்குப் பந்தே கிடைக்காது. மதிப்பிடுவதற்கு மூவருக்கு மூவர், அல்லது நால்வருக்கு நால்வர், சின்ன மைதானம், இதுதான் சரி. வலையையும் இறக்குங்கள். 2.43 மீட்டர் ஆண்களுக்கும் 2.24 மீட்டர் பெண்களுக்கும் உரிய போட்டி உயரம். முதல் முறையாக ஸ்மாஷ் அடிக்கக் கற்கும் பிள்ளைக்கு அது சோதனையாக இருக்காது, சுவராகத்தான் இருக்கும்.

ஆட்டத்தில் எதைக் குறிப்பது என்பதற்கு ஓஸ்லின், மிச்செல், கிரிஃபின் ஆகிய மூவர் 1998இல் வெளியிட்ட ஆட்டத்திறன் மதிப்பீட்டு முறை நல்ல அடித்தளம். அதில் ஏழு கூறுகள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க யாராலும் முடியாது. வாலிபாலுக்கு நான் எடுத்துக்கொள்பவை நான்கு: எடுத்த முடிவு சரியா, அதைச் செய்துமுடித்த விதம் சரியா, பந்தை அடித்த பிறகு தன் இடத்துக்குத் திரும்பினாரா, சக ஆட்டக்காரருக்குப் பின்னால் கவர் கொடுத்தாரா, அதாவது பந்து தவறி வந்தால் எடுக்கத் தயாராக நின்றாரா. ஒவ்வொன்றுக்கும் சரி, தவறு என்று கோடு போட்டுக்கொண்டே போனால் போதும்.

முடிவையும் செயலையும் ஏன் பிரிக்க வேண்டும் என்பதற்கு ஒரு உதாரணம். ஒரு மாணவிக்குப் பதினாறு வாய்ப்புகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு முறை அவள் எடுத்த முடிவு சரி: எதிர்ப்பக்கம் காலியாக இருக்கும் இடத்தைப் பார்த்தாள், லிஃப்டர் இருக்கும் பக்கம் பாஸ் கொடுக்க நினைத்தாள். ஆனால் ஆறு முறைதான் பந்து நினைத்த இடத்துக்குப் போனது. முடிவு 75 சதவீதம், செயல் 37.5 சதவீதம். இன்னொரு மாணவன் பதினாறில் பதின்மூன்று முறை பந்தைச் சுத்தமாக அடிக்கிறான், ஆனால் ஏழு முறைதான் சரியான முடிவு. வெறும் கண்பார்வையில் போட்டால் அவனுக்கு எண்பது, அவளுக்கு நாற்பது கிடைத்திருக்கும். உண்மையில் அவளுக்குத் தேவை கைப்பயிற்சி, அவனுக்குத் தேவை தலை தூக்கிப் பார்க்கும் பழக்கம். இரண்டு பேருக்கும் அடுத்த வாரம் என்ன பயிற்சி கொடுப்பது என்பதைத் தாளே சொல்லிவிடுகிறது.

இப்போது கூட்டாட்டம். இதில்தான் ஆசிரியர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "ஒத்துழைப்பு: நன்று" என்று எழுதினால் அது மாணவரின் குணத்துக்குப் போட்ட மதிப்பெண் ஆகிவிடும். கண்ணால் பார்க்கக்கூடிய, எண்ணக்கூடிய செயலாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு சர்வீஸ் இரண்டு பேருக்கு நடுவில் வருகிறது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க, பந்து நடுவே விழுகிறது. எல்லா வகுப்பிலும் இது நடக்கும். இங்கே பார்க்க வேண்டியது: யாராவது "நான்!" என்று குரல் கொடுத்தாரா, பந்து வலையைத் தாண்டும்போதே கொடுத்தாரா, மற்றவர் அதைக் கேட்டு விலகிப் பின்னால் கவருக்குப் போனாரா. கூப்பிட்டவருக்கு ஒரு கோடு, விலகியவருக்கும் ஒரு கோடு. விலகுவதும் ஆட்டம்தான் என்று அன்றைக்கே வகுப்பு புரிந்துகொள்ளும்.

இன்னொரு தருணம். முதல் பந்தை லிஃப்டரே எடுக்க வேண்டியதாகிவிட்டது. இரண்டாம் பந்தைத் தூக்கப் போவது யார்? பயிற்சி இல்லாத அணியில் எல்லோரும் லிஃப்டரையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தொடர்ந்து இரண்டு முறை அவர் தொட முடியாது என்பது அந்த நொடியில் யாருக்கும் நினைவுக்கு வராது. அப்போது பக்கத்திலிருந்து "நான் தூக்குறேன்" என்று ஒரு பிள்ளை ஓடிவந்தால், அவள் தூக்கிய பந்து கோணலாகப் போனாலும் கூட்டாட்டத்துக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். செயலுக்கான குறை தாளில் வேறு கட்டத்தில் எப்படியும் பதிவாகிவிடும்.

அப்புறம், வலுவான ஆட்டக்காரர் சக ஆட்டக்காரரின் இடத்துக்குள் பாய்ந்து பந்தைப் பிடுங்குவது. புள்ளி கிடைக்கும், கைத்தட்டலும் கிடைக்கும். ஆனால் அது கூட்டாட்டத் தாளில் குறைதான், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒதுக்கப்பட்ட பிள்ளை அடுத்த பந்துக்கு நகரவே மாட்டான், அந்தப் பாடம் முழுக்க நின்றபடியே இருப்பான். அதே நேரம், சத்தம் போடுவதையே கூட்டாட்டம் என்று எண்ணிவிடவும் கூடாது. இயல்பிலேயே குறைவாகப் பேசும் மாணவர்கள் கையைக் காட்டியோ, ஒரு அடி முன்னால் வைத்தோ பந்து தன்னுடையது என்று தெரிவிப்பார்கள். சகா தாக்கும்போது அவர்கள் குனிந்து கவருக்கு நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தாளில் "தெரிவித்தார்" என்று எழுதுங்கள், "கத்தினார்" என்று வேண்டாம்.

நடைமுறைக்கு வருவோம். ஒரே நேரத்தில் எல்லோரையும் பார்க்க முயலாதீர்கள். ஒரு பாடவேளைக்கு நான்கைந்து பேர் போதும், அதிலும் ஒரு நேரத்தில் ஒருவர். வெளியே காத்திருக்கும் மாணவர்களிடம் கவனிப்புத் தாளைக் கொடுங்கள். ஆனால் "இவர் எப்படி ஆடினார்" என்று கேட்டால் நண்பனுக்கு நல்ல பெயர்தான் வரும். "எத்தனை முறை இடத்துக்குத் திரும்பினார்" என்று ஒரே ஒரு விஷயத்தை எண்ணச் சொல்லுங்கள். அணிகளை அடிக்கடி கலையுங்கள், வென்ற அணிக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுக்க வேண்டாம். யாரோடு ஆடினார் என்பது அவர் கையில் இல்லையே. நான் திறனுக்கு 40, ஆட்டத்தில் எடுக்கும் முடிவுகளுக்கு 30, கூட்டாட்டத்துக்கு 20, விதிகளுக்கு 10 என்று பிரிக்கிறேன். உங்கள் வகுப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் அந்தத் தாளைப் பாடத்தின் முதல் நாளிலேயே மாணவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கும் ஒன்று. தேர்வுக்கு முந்தின வாரம் ஸ்மாஷ் மட்டும் பழகாதீர்கள். சர்வீஸ் உள்ளே விழுவதும், முதல் பாஸ் லிஃப்டர் தலைக்கு மேல் போவதும் உறுதியாக இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மீதியை, பந்து உங்களிடம் வராதபோது எங்கே நிற்கிறீர்கள் என்பது பார்த்துக்கொள்ளும்.

காயம்பட்டு ஓரமாக உட்கார்ந்திருக்கும் மாணவரைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அவரிடம் ஸ்கோர் தாளைக் கொடுங்கள், கோட்டு நடுவராக நிற்க வையுங்கள். ஆட்டக்காரர்கள் வரிசைப்படி இடம் மாறும் சுழற்சி சரியாக நடந்ததா, பின்வரிசை ஆள் 3 மீட்டர் கோட்டுக்கு முன்னால் வந்து வலைக்கு மேலிருந்த பந்தை அடித்தாரா, பிளாக்கில் பட்டதைத் தொடுதலாக எண்ணிவிட்டார்களா என்று அவர் சொல்லட்டும். விதிகளுக்கான மதிப்பெண்ணை அங்கேயே போட்டுவிடலாம். மற்ற மதிப்பெண்களை உடம்பு தேறும் வரை தள்ளிவைத்து, பிறகு அதே தாளை வைத்து அதே அளவில் பாருங்கள்.