விரல் இடுக்கில் ஒரு மே மாதம்

மே 4
விடுதியிலிருந்து பெரியவன் வந்து ஐந்து நாள் ஆகிறது. பகலில் சும்மா இருக்கிறான், படுத்ததும் சொறிய ஆரம்பித்துவிடுகிறான். அத்தை, "கத்திரி வெயில் சூடும்மா, வேப்பிலை அரைச்சுப் பூசு" என்றார். பூசினேன். தலையணை உறை பச்சையானதுதான் மிச்சம்.

மே 9
மெடிக்கல் ஷாப்பில் கையைக் காட்டினோம். படர்தாமரை என்று ஒரு களிம்பு கொடுத்தார்கள். இரண்டே நாளில் அரிப்பு பாதியாகக் குறைந்துவிட்டது. எனக்கு நிம்மதி.

மே 27
அந்த நிம்மதி பொய். நேற்றிலிருந்து பாப்பாவும் சொறிகிறாள். இரண்டு பேரையும் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி எல்லாம் பார்த்துவிட்டு, "வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது?" என்றுதான் முதலில் கேட்டார். சிரங்கு.

"தினமும் இரண்டு வேளை குளிக்கிறோமே" என்றேன், கொஞ்சம் ரோஷமாகவே. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லையாம். சிரங்கை உண்டாக்கும் நுண்ணிய பூச்சி தோலின் மேலடுக்கைக் குடைந்து உள்ளே முட்டையிடுகிறது, சோப்பு அங்கே போகாது. பழைய களிம்பில் ஸ்டீராய்டு இருந்திருக்கிறது. அது அரிப்பை அமுக்கும், பூச்சியை ஒன்றும் செய்யாது. பதினெட்டு நாள் நானே அதற்கு விருந்து வைத்திருக்கிறேன்.

மே 28
டாக்டரம்மா கொடுத்தது பெர்மெத்ரின் 5% கிரீம், பூச்சியைக் கொல்லும் மருந்து. ஐந்து பேரும் ஒரே ராத்திரியில் பூச வேண்டும். அரிக்கிற இடத்தில் மட்டும் இல்லை, கழுத்திலிருந்து பாதம் வரை, நகத்தடி, தொப்புள், அக்குள், மறைவிடம் உட்பட. எட்டு மணி நேரமாவது உடம்பில் இருக்க வேண்டும், நடுவில் கை கழுவினால் கையில் திரும்பப் பூச வேண்டும்.

அத்தை மசியவில்லை. "எனக்குத்தான் அரிக்கவே இல்லையே!" முதல் தடவை தொற்றினால் நாலு முதல் ஆறு வாரம் வரை அரிக்காமலே இருக்கலாம், அதற்குள் அடுத்தவருக்கும் போய்விடும் என்று சொல்லிப் பார்த்தேன். ம்ஹூம். பாப்பா இத்தனை நாளும் அவர் பக்கத்தில்தான் படுக்கிறாள். கடைசியில் அவளே டியூபோடு போய், "பாட்டி, முதுகைக் காட்டு" என்றாள். காட்டிவிட்டார்.

மே 29
போர்வை, துண்டு, மூன்று நாள் துணி எல்லாவற்றையும் கொதிநீரில் ஊற வைத்துத் துவைத்து மொட்டை மாடியில் காயப் போட்டேன். துவைக்க முடியாத விடுதிப் பையை பிளாஸ்டிக் கவரில் கட்டி ஒரு வாரத்துக்கு ஒதுக்கிவிட்டேன். உடம்பை விட்டு வந்தால் பூச்சிக்கு இரண்டு மூன்று நாள்தான் ஆயுள்.

இடுப்பு ஒடிந்த பிறகு ஒன்று படித்தேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கென்னத் மெல்லன்பி என்பவர், சிரங்கு வந்த சிப்பாய்களின் துணியையும் போர்வையையும் தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்தாராம். தொற்றியது மிகச் சிலருக்குத்தான். உடம்போடு உடம்பு ஒட்டிப் படுப்பதுதான் பெரிய வழி. இதை நேற்றே படித்திருக்கலாம்.

ஜூன் 1
இன்னும் அரிக்கிறது. என் வீட்டுக்காரர் கிரீமைத் தினமும் தடவலாமா என்கிறார். கூடாது. செத்த பூச்சியும் அதன் கழிவும் தோலுக்குள்ளேயே கிடப்பதால் இரண்டு முதல் நாலு வாரம் நமைச்சல் இருக்கும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார்.

ஜூன் 4
இரண்டாவது சுற்று. முதல் பூச்சுக்குத் தப்பிய முட்டைகள் இதற்குள் பொரித்திருக்கும். இந்த முறை அத்தைதான் எல்லோரையும் வரிசையில் நிற்க வைத்தார்.

ஜூன் 6
திங்கட்கிழமை விடுதி திறக்கிறது. வார்டனுக்குப் போன் செய்தேன். "எங்க பசங்க யாருக்கும் அப்படி ஒண்ணும் இல்லைங்க." சரி. பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் எழுதலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். பையனைக் கேட்டேன். "எழுதும்மா, எல்லாரும்தான் சொறியறானுங்க" என்றான். எழுதினேன்.

குழுவில் யாரும் வாய் திறக்கவில்லை. தனிச் செய்தியில் மட்டும் நாலு அம்மாக்கள் வந்தார்கள். நாலு பேரும் கேட்டது ஒன்றேதான்: "அந்த கிரீம் பேரு என்னங்க?"