காலியாக வைத்திருக்க வேண்டிய இடம்

வெள்ளத்தைத் தாங்க வேண்டிய அணை காலியாக இருக்க வேண்டும். குடிநீருக்கும் பாசனத்துக்கும் உதவ வேண்டிய அணை நிறைந்திருக்க வேண்டும். ஒரே அணையிடம் இந்த இரண்டையும் கேட்கிறோம் என்பதை அணைக் கட்டுமானப் பிரிவில் இருந்த ஆண்டுகளில் நான் சரியாக உணரவில்லை. அப்போது என் கவனமெல்லாம் மண்ணில் இருந்தது. கரையின் நடுவே வரும் களிமண்ணை மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி, ஈரப்பதம் பார்த்து, உருளை ஓட்டி, அடர்த்திச் சோதனையில் தேறிய பிறகே அடுத்த அடுக்கைப் போட விடுவோம். ஈரம் குறைந்த ஓர் அடுக்கை முழுவதுமாகப் பெயர்த்தெடுக்கச் சொன்ன மேலதிகாரியின் மீது அன்று எனக்கு எரிச்சல் வந்தது. அமெரிக்காவின் டீட்டன் மண் அணை, முதன்முறையாக நீர் நிரம்பிக்கொண்டிருந்தபோதே, 1976 ஜூன் 5 அன்று உள்ளே கசிந்த நீர் கரை மண்ணை அரித்து உடைந்த விவரங்களைப் படித்த பிறகுதான் அவருடைய பிடிவாதம் எனக்குப் புரிந்தது.

பின்னர் அணை இயக்கத்துக்கு மாற்றப்பட்டேன். அங்கே மேசையில் எப்போதும் இருந்தது ரூல் கர்வ்: எந்தத் தேதியில் நீர்மட்டம் எந்த அளவைத் தாண்டக் கூடாது என்று காட்டும் வளைகோடு. மழைக்காலத்தின் பெரும்பகுதியில் அந்தக் கோடு முழு நீர்மட்டத்துக்குக் கீழேயே ஓடும். இடைப்பட்ட அந்தச் சில அடிதான் வரப்போகும் வெள்ளத்துக்காக ஒதுக்கிய இடம்.

ஓர் ஆண்டு மட்டம் கோட்டைத் தாண்டியதும் மதகுகளைத் திறந்தோம். அணை நீர் பாயும் ஆயக்கட்டு நிலங்களிலிருந்து வந்த முதியவர் ஒருவர் ஓடும் நீரைப் பார்த்துக்கொண்டே, "ஐயா, இப்படித் தொறந்து விட்டுட்டீங்களே, கோடையில எங்களுக்குத் தண்ணிக்கு எங்க போறது?" என்று கேட்டார். விதியைச் சொன்னேன், அவர் எதுவும் பேசாமல் போய்விட்டார். அதன் பிறகு அந்தப் பருவத்தில் பெரிய மழையே பெய்யவில்லை. கடைசி நனைப்புக்கு நீர் போதாமல் பயிர் காய்ந்ததை நேரில் போய்ப் பார்த்தேன். விதிப்படி நடந்தேன் என்ற எண்ணம் அந்த வயல்களில் நின்றபோது எனக்கு ஆறுதல் தரவில்லை.

ஆனாலும் வெள்ளத்துக்கான அந்தக் காலியிடத்தை விட்டுக்கொடுக்க முடியாது என்றே இன்றும் கருதுகிறேன். கான்கிரீட் அணை தன் மேல் வழியும் நீரைச் சிறிது நேரமாவது தாங்கக்கூடும். மண் கரை மீது நீர் வழியத் தொடங்கினால் அரிப்பு கரையையே கொண்டுபோய்விடும். குஜராத்தின் மச்சு 2 அணையில் 1979 ஆகஸ்ட் 11 அன்று நடந்தது அதுவே. கணித்ததைவிடப் பல மடங்கு நீர்வரத்து வந்து, நடுவிலிருந்த கல்கட்டு உபரிநீர்ப் போக்கி மட்டும் உடையாமல் நிற்க, இருபுறத்து மண் கரைகளும் அடித்துச் செல்லப்பட்டு, மோர்பி நகரம் மூழ்கியது.

இரண்டு தேவைகளையும் ஒரே சுவருக்குள் வைப்பதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியாவின் விவன்ஹோ அணை. 1974ஆம் ஆண்டு வெள்ளம் பிரிஸ்பேன் நகரை மூழ்கடித்த பிறகு, நீர் வழங்கலுக்கு ஏறத்தாழ 116 கோடி கன மீட்டரும், அதற்கு மேல் வெள்ளத்துக்கென்றே ஏறத்தாழ 145 கோடி கன மீட்டரும் ஒதுக்கி அதைக் கட்டினார்கள். பின்னர் வந்த நீண்ட வறட்சியில் அந்தப் பகுதியின் அணைகளில் நீர் வெகுவாகக் குறைந்திருந்தது; சில ஆண்டுகளிலேயே, 2011 ஜனவரியில், பிரிஸ்பேன் மீண்டும் மூழ்கியது. வறட்சியைக் கண்ட மக்களிடம் காலியிடத்தின் அவசியத்தைப் பேசுவது எவ்வளவு கடினம் என்பதை அணையில் இருந்தவர்களே அறிவார்கள். அணை வந்துவிட்டது என்ற நம்பிக்கையில் ஆற்றுப் படுகையிலேயே வீடுகள் எழுவதும் எனக்கு ஓயாத கவலை. அணை வெள்ளத்தின் உச்சத்தைக் குறைக்கும், அது வந்து சேரும் நேரத்தைத் தள்ளிப்போடும். தன் கொள்ளளவை மீறி வருவதை அது கீழே அனுப்பியே ஆக வேண்டும்.

அடுத்த ஆண்டு பருவம் தொடங்குமுன் ஆயக்கட்டுப் பிரதிநிதிகளை அலுவலகத்துக்கு அழைத்து, ரூல் கர்வைச் சுவரில் ஒட்டி, தேதி தேதியாக விளக்கினேன். முதியவரும் வந்திருந்தார். கோடு மேலே ஏறத் தொடங்கும் இடத்தில் விரலை வைத்து, "இந்தத் தேதிக்கப்புறம் வர்ற தண்ணியப் புடிச்சு வெக்கலாம்தானே?" என்று கேட்டார். பிடித்து வைப்போம் என்றேன். அந்தத் தேதியைத் தம் பையிலிருந்த சிறு நோட்டில் எழுதச் சொல்லி என்னிடம் நீட்டினார்.