கிராப் தாளில் ஓர் அன்னம்

திருபுவனத்துப் பட்டுச் சேலைகளுக்குப் புட்டா என்னும் சிறு உருக்களையும் கரையையும் வரைந்து கொடுப்பது எங்கள் வீட்டுத் தொழில். அப்பா கிராப் தாளில் பென்சிலால் கட்டம் கட்டமாகத் தீட்டினார். நான் அதையே கணினியில் செய்கிறேன். சென்ற கோடை விடுமுறையில் எங்கள் தெருப் பிள்ளைகள் எட்டுப் பேர், ஏழாம் வகுப்பு முதல் பதினோராம் வகுப்பு வரை படிப்பவர்கள், "மாமா, எங்களுக்கும் கம்ப்யூட்டர்ல டிசைன் போடக் கத்துக் குடுங்க" என்று திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முதல் வாரம் முழுவதும் நான் கணினியைத் திறக்கவே இல்லை. பரணில் கிடந்த அப்பாவின் பழைய கிராப் தாள்களை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். அவர்கள் முகம் வாடியதைச் சொல்லி முடியாது.

தறிக்கு மேலே உட்கார்ந்து, உருவுக்கேற்ப இழைகளைத் தூக்கிவிடும் ஜக்கார்டு பெட்டியில் 240 கொக்கிகள் இருந்தால், ஓர் உருவின் அகலத்துக்கு நமக்குக் கிடைப்பவை 240 கட்டங்கள்தான். ஒவ்வொரு கட்டமும் நீளவாக்கில் ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் சந்திக்கும் ஒரு புள்ளி. நிறம் தீட்டிய கட்டத்துக்கு, அந்தப் பெட்டியில் மாட்டும் அட்டையில் துளை விழும். துளை விழுந்த இடத்தில் கொக்கி உயரும். கொக்கியோடு இழையும் உயரும். கணினித் திரையில் பிக்ஸல் என்று இன்று பிள்ளைகள் படிக்கும் சங்கதி அவர்கள் தாத்தாவின் தறியில் எப்போதோ வந்துவிட்டது என்று நான் சொன்னபோது யாரும் பெரிதாக வியக்கவில்லை. வட்டம் வரையச் சொன்னபோதுதான் வகுப்பு சூடு பிடித்தது. தாளில் அழகாக இருந்த வட்டம் துணியில் முட்டையாக வந்தது. ஓர் அங்குலத்துக்குள் ஓடும் பாவு இழைகளும் ஊடை இழைகளும் ஒரே எண்ணிக்கையில் இராதபோது, தாளின் சதுரம் துணியில் சதுரமாக நிற்காது. அதற்குத் தக்கபடி கட்டத்தின் நீள அகலத்தை முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும். விகிதக் கணக்கை வகுப்பில் மூன்று முறை கேட்டும் பிடிபடாத எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அந்த முட்டையை வட்டமாக்குவதற்காக அன்றைக்கே அதைப் போட்டு முடித்தாள்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு ஓர் அன்னத்தை வாங்கி வந்தான். அன்னம் அபாரமாக இருந்தது. நெய்ய முடியாததாகவும் இருந்தது. அதன் வயிற்றுப் பகுதி முழுவதும் சரிகை எங்கும் பிடிபடாமல் ஒரே ஓட்டமாக ஓடியது. அப்படி விட்டால் உடுத்துகிறவரின் வளையலிலும் மெட்டியிலும் சரிகை மாட்டி இழுத்துக்கொண்டு வந்துவிடும். ஆகவே இடையிடையே சரிகையைத் துணியோடு பிடித்து நிறுத்தும் கட்டுப்புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளிகளையே இறகாகத் தோன்றும்படி வைப்பதில்தான் வரைகிறவனின் கைத்திறன் இருக்கிறது. அந்தச் செயலியை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் துணி தெரியாதவனுக்கு அது தருவது வெறும் படம்.

இன்னொரு பையனின் பெரியப்பா சுவாமிமலையில் சிலைப் பட்டறையில் வேலை செய்கிறார். முகத்தின் நீளத்தை ஒரு தாளமாகக் கொண்டு, தென்னை ஓலையை மடித்து உடலின் அளவுகளைக் குறித்துக்கொள்ளும் முறையை அவன் அங்கே பார்த்தே வளர்ந்தவன். இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளில் முப்பரிமாண உருவத்தை அவன் உருட்டியபோது, மற்றவர்களின் பொம்மைகள் தலை பெருத்து நிற்க, அவனுடையது மட்டும் உருவமாக நின்றது.

இத்தகைய கைகளுக்கு என்ன வழி இருக்கிறது என்பதைப் பள்ளியில் சொல்ல ஆளில்லை என்பதுதான் என் மனக்குறை. என் அக்கா மகள் பிளஸ் டூவில் வணிகவியல் படித்தாள், நன்றாக வரைவாள். அவள் பள்ளியில் ஓவியப் பாடவேளையைத் தேர்வு நெருங்கும்போதெல்லாம் கணக்குக்கு எடுத்துக்கொண்டார்கள். ஐஐடிகளில் டிசைன் பட்டப் படிப்பு இருப்பதும், அதில் சேர ஐஐடி பம்பாய் நடத்தும் யுசீட் என்ற நுழைவுத் தேர்வைப் பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படிப்பவரும் எழுதலாம் என்பதும், அதில் ஒரு பகுதியைத் தாளில் கையாலேயே வரைந்து காட்ட வேண்டும் என்பதும் மே மாதம் தேர்வு முடிவு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. யுசீட்டோ ஜனவரியிலேயே முடிந்திருந்தது. அதற்கு விண்ணப்பிப்பது அதற்கும் முந்தைய அக்டோபர் வாக்கில். 1961-இல் அகமதாபாத்தில் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனமும், சென்னை தரமணியில் வளாகம் வைத்திருக்கும் நிஃப்ட் என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனமும் ஏறக்குறைய இதே கால அட்டவணையில்தான் தங்கள் நுழைவுத் தேர்வுகளை நடத்துகின்றன. பொறியியல் கலந்தாய்வைப் போல முடிவு வந்த பின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் ஓர் ஆண்டு போயிற்று. இத்தேர்வுகளுக்குத் தமிழில் வினாத்தாள் இல்லை என்பதும், கட்டணம் கட்டிப் பயிற்சி பெறுவோரோடுதான் நம் பிள்ளைகள் போட்டியிட வேண்டும் என்பதும் தனி வருத்தங்கள்.

அக்கா மகள் கடைசியில் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் சேர்ந்தாள். நான்காண்டுப் பட்டப் படிப்பு; ஓவியம் மட்டுமன்றிக் காட்சித் தகவல் வடிவமைப்பும் அங்கே உண்டு; எங்கள் ஊரிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வந்துவிடலாம். ஐஐடிக்குப் போகாததை நினைத்து அவள் வருந்தியதாகத் தெரியவில்லை. எனக்குத்தான் கொஞ்சம் உறுத்துகிறது.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. மாநில அளவில் வென்றவர்களுக்குக் கலையரசன், கலையரசி என்று பட்டமும் தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் மேடையிலிருந்து இறங்கும் பிள்ளையிடம், பதினோராம் வகுப்பில் சேர்ந்த உடனே இன்ன தேர்வுக்கு வரையத் தொடங்கு என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டாமா? ஓவிய ஆசிரியர் இருக்கும் பள்ளிகளில் அவரே சொல்லிவிடுவார். பிரச்சினை, அவர் இல்லாத பள்ளிகளில்தான்.

வகுப்பு இப்போது ஞாயிறுதோறும் தொடர்கிறது. எட்டுப் பேரில் ஐவர் மிஞ்சியிருக்கிறார்கள். கிருதா, இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருள்கள் காசில்லாமல் கிடைப்பதால் பழைய மடிக்கணினி ஒன்றே போதுமானதாக இருக்கிறது. வட்டத்தை நிமிர்த்திய அந்த எட்டாம் வகுப்புப் பெண், ஒன்பதாம் வகுப்புப் பையனின் அன்னத்தை எடுத்துக் கட்டுப்புள்ளி வைத்துத் திருத்தினாள். பக்கத்து வீட்டுத் தறியில் ஒரு முழத்துக்கு நெய்து பார்த்தோம். மூக்கு இரண்டு கட்டம் நீண்டு கொக்கு போல வந்திருக்கிறது. பையன் அது கொக்கேதான் என்று சாதிக்கிறான். அவள் வரும் ஞாயிற்றுக்கிழமை குறைத்து விடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.