கடனில் தொடங்கிய கணிதம்

திருகோணமலையில் வணிக முகாமைத்துவம் படிக்க வரும் முதலாம் வருடப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். அநேகமானோர் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு. கணக்கீடும் பொருளியலும் நன்றாக வரும். கணிதத்தைச் சாதாரண தரத்தோடு கைகழுவியவர்கள். நடுவில் மூன்று வருடமாவது போயிருக்கும். அவர்களை உட்காரவைத்து முதல் கிழமை தொடைகள் (செட்ஸ்), பிறகு சார்புகள், அப்புறம் மாறும் வீதத்தைக் காணும் வகையீடு என்று நானும் பல வருடம் ஓட்டினேன். எல்லாம் ஆங்கிலத்தில் வேறு. 'மார்ஜினல் கொஸ்ட்' என்றதும் ஒரு பையன் கொப்பியின் சிவப்புக் கோட்டைக் காட்டி, "இந்த மார்ஜினா சேர்?" என்றான். வகுப்பு சிரித்தது. விளிம்பில் இன்னும் ஒன்றைக் கூட்டினால் செலவு எவ்வளவு ஏறும் என்பதுதானே விஷயம். அவன் பாதி சரி.

தலைப்புகளில் பெரிதாகக் கைவைக்க அனுமதி இல்லை. வரிசை என் கையில் இருந்தது. முதல் வகுப்பையே கடனில் தொடங்கினேன். 100,000 ரூபாய், நூற்றுக்கு 12 வட்டி, 12 மாதத் தவணை. மாதம் 9,333 ரூபாய்ச் சொச்சம், மொத்தம் 112,000. உண்மையான வட்டி எவ்வளவு? எல்லாரும் 12 என்றார்கள்.

"ஆறு மாதம் கட்டின பிறகு எவ்வளவு கடன் மிச்சம்?"

சத்தமில்லை. பாதி முதல் திரும்பிப் போயாயிற்று, வட்டியோ முழு லட்சத்துக்கும் ஓடுகிறது. குறைந்துவரும் நிலுவைக்கு என்ன வீதம் என்று கேட்டால் சமன்பாட்டை நேராகத் தீர்க்க முடியாது. ஒரு வீதத்தைப் போட்டுப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக் கிட்டப் போகவேண்டும். மாதம் 1.5 என்றும் 2 என்றும் சண்டைபிடித்து 1.79 இல் நின்றார்கள். வருடத்துக்கு 21.5 சதவீதம் அளவில் வருகிறது. அடுத்த கிழமை, ஒரே எண்ணால் பெருகிப் பெருகிப் போகும் பெருக்கல் விருத்தியை எடுத்தபோது, இது எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பிள்ளை மட்டும் வகுப்பு முடிந்தும் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா எடுத்த கிழமைக் கடனுக்குப் போட்டுப் பார்க்கிறாளாம்.

இலாப நட்டமில்லாப் புள்ளியில் பிழைவிட்டது நான். பழைய பேனாத் தொழிற்சாலைக் கணக்கை விட்டுவிட்டு, நிலாவெளியிலிருந்து புறாத் தீவுக்கு ஆள் ஏற்றும் படகை எடுத்தேன். படகுக் கடனின் மாதத் தவணையை, ஓர் ஓட்டத்தில் எண்ணெய்ச் செலவு போக மிஞ்சும் காசால் பிரித்து, மாதம் இத்தனை ஓட்டம் என்றேன்.

"சேர், மாரியில கடல் குழம்பினா ஆர் போறது?"

சரிதான். தவணை 12 மாதமும் வரும். நல்ல ஓட்டம் மே முதல் செப்டெம்பர் வரை. வருடச் செலவு முழுவதையும் அந்த ஐந்து மாதத்தில் உழைக்கவேண்டும் என்று கேள்வியைத் திருத்தினேன். விடை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது.

இவ்வளவும் செய்ததில் வகையீட்டுக்குக் கடைசி மூன்று கிழமைதான் மிஞ்சியது. பொருளியல் எடுக்கும் நண்பருக்கு அதில் வருத்தம், அவர் பக்கம் நியாயமும் உண்டு. அடுத்த தடவை தொடைகளை இன்னும் வெட்டிப் பார்க்கப்போகிறேன். எண்களை நிரை நிரலாக அடுக்கும் தாயங்களில் கைவைக்க இன்னும் துணிவு வரவில்லை.