குன்னூரில் நான், கார்கில் நினைப்பில் அம்மா

பேரையூர்ப் பக்கம் எங்கள் கண்மாய்க் கரையில் விடியற்காலையில் ஓடிப் பழகும் பையன்களுக்கு இப்போது நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். 1,600 மீட்டர் ஓட்டம், பீம் என்கிற கம்பியில் தொங்கி உடம்பைத் தூக்குவது, ஒன்பது அடிப் பள்ளம் தாண்டுவது என்று ராணுவ ஆள்சேர்ப்புக்கு வேண்டியதில் எல்லாரும் கெட்டி. தேர்வான பிறகு நாட்கள் எப்படிப் போகும் என்பதைத்தான் யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

1999-ல் கார்கில் சண்டை நடந்தபோது நான் குன்னூரை ஒட்டிய வெலிங்டனில், மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் ரெக்ரூட், அதாவது பயிற்சியில் இருந்த புது ஆள். வேட்டியைப் போர்த்திக்கொண்டு மார்கழியைத் தாண்டிவிடும் ஊரிலிருந்து போனவனுக்கு அந்தக் குளிர் புதுசு. இருட்டோடு எழுந்து, ஐஸ் மாதிரி தண்ணீரில் முகம் மழித்து, கட்டிலைச் சரிசெய்து, பி.டி. என்கிற உடற்பயிற்சிக்குப் போய் நிற்கவேண்டும். ஜூன் மழையில் சாக்ஸ் காயவே காயாது. ஈரத்தோடு மாட்டிக்கொண்டுதான் டிரில்.

சாயங்காலம் ரைபிளைத் துடைப்போம். புல்த்ரூ கயிற்றில் துணித்துண்டைக் கோத்துக் குழலுக்குள் இழுக்க வேண்டும், துணி வெள்ளையாக வெளியே வரும்வரை. எங்களுக்குப் பயிற்சி கொடுத்த உஸ்தாத் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். உள்ளே ஒரு தூசி தெரிந்தாலும் மறுபடி முதலிலிருந்துதான். அவர் கோபக்காரரே இல்லை. ஆனால் அந்த மாதங்களில் அவர் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை.

சண்டைச் செய்தியெல்லாம் ராத்திரி பேர் கூப்பிட்டுக் கணக்கெடுக்கும் ரோல்காலில் சொல்வார்கள். கார்கில் பக்கத்து டைகர் ஹில் மலையில் இரவோடு இரவாகக் கயிறு கட்டி ஏறினார்கள் என்ற செய்தி ஜூலை முதல் வாரத்தில் வந்தது. அதற்கப்புறம் கயிறு ஏறும் இடத்தில் ஒருத்தரும் முனகவில்லை. உள்ளங்கை உரிந்தவன்கூட வரிசையில் வந்து நின்றான்.

எங்களுக்கு வேலை இருந்தது, பயப்பட நேரமில்லை. வீட்டில் இருந்தவர்கள் பாடுதான் பெரும்பாடு. ஞாயிற்றுக்கிழமை எஸ்டிடி பூத்தில் வரிசையில் நின்று ஊர்ப் பலசரக்குக் கடைக்குப் போன் போடுவேன். அம்மாவை ஓடிப்போய்க் கூட்டிவருவார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே முதலில் கேட்பது இதுதான்: "ஏய்யா, அங்கிட்டு குண்டுச் சத்தம் கேக்குதா?"

"அம்மா, நான் ஊட்டிப் பக்கம் இருக்கேன்."

"எங்க இருந்தா என்னய்யா, பட்டாளம்தான?"

திருச்சிக்காரர் மேஜர் சரவணன் மே 29-ல் கார்கில் பக்கம் பட்டாலிக்கில் வீரமரணம் அடைந்தார். அவர் உடலை மீட்டுக் கொண்டுவர ஜூலை ஆகிவிட்டது. அந்தச் செய்தியைப் பேப்பரில் யாரோ அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை என்று அக்கா கடிதம் போட்டிருந்தார். வெலிங்டனும் கார்கிலும் எங்கெங்கே இருக்கின்றன என்று அவருக்கு யாரும் மேப்பை விரித்துக் காட்டவில்லை. அந்தச் சண்டையில் 527 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அத்தனை பேர் வீட்டிலும் இப்படி ஒருத்தர் போனுக்குக் காத்திருந்திருப்பார்.

அதனால் பையன்களோடு சேர்த்து அவர்கள் அம்மாக்களிடமும் உட்கார்ந்து பேசுகிறேன். எத்தனை மணிக்கு எழுப்புவார்கள், என்ன சாப்பாடு, எப்போது போன் வரும் எல்லாம் சொல்லிவிடுவேன். பயிற்சி முடிந்து உறுதிமொழி எடுக்கிற கசம் பரேடுக்குக் கட்டாயம் போங்கள் என்பேன். மதுரை ஆரப்பாளையத்தில் கோவை பஸ் பிடித்து, மேட்டுப்பாளையம் வழியாகக் குன்னூர். ஸ்வெட்டர் மறக்கவேண்டாம் என்பதையும் சேர்த்துத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.