ஒரு புள்ளி சேதம் போதும்

மேஜிக் தி கேதரிங் என்ற சீட்டு விளையாட்டை ஆடுகிறவர்கள் ட்ராம்பிள், டெத்டச் என்ற இரண்டு திறன்களையும் தனித்தனியாகப் படித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டும் ஒரே கிரீச்சரில் (சண்டையிடும் உயிரினச் சீட்டில்) சேரும்போது பாருங்கள்!

ட்ராம்பிள் இருந்தால், தடுப்பவற்றுக்குச் சாகும் அளவு சேதத்தை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை எதிராளி மேல் இறக்கலாம். டெத்டச் இருந்தால் ஒரு புள்ளியே சாகும் அளவுதான். நம் 6/6 (அடிக்கும் பலம் 6, தாங்கும் பலம் 6) தாக்குகிறது, எதிராளியின் இரண்டு 5/5 சேர்ந்து தடுக்கின்றன. ட்ராம்பிள் மட்டும் என்றால் எதிராளிக்கு ஒன்றும் போகாது. டெத்டச்சும் இருந்தால் தலைக்கு 1, மிச்சம் 4 நேராக அவருக்கு. பதிலுக்கு 10 வாங்கி நம்முடையதும் சாகும், ஆனாலும் லாபம்தான். தடுப்பது இன்டெஸ்ட்ரக்டிபிளாக (அழிக்க முடியாததாக) இருந்தாலும் கணக்கு மாறாது. அது சாகாது, ஆனால் அதற்கு 1 ஒதுக்கினால் போதும்.

முதலில் அடிக்கும் திறனான ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்கோடு டெத்டச் சேர்ந்தால் இன்னும் பயங்கரம். எதிரே நிற்பதற்கு ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்கோ டபுள் ஸ்ட்ரைக்கோ (முதலிலும் பிறகும் இருமுறை அடிப்பது) இல்லையென்றால், திருப்பி அடிக்குமுன் செத்துவிடும்.

1999 முதல் 2009 வரை சண்டைச் சேதமும் ஸ்டாக்கில், அதாவது விளைவுகள் நடக்குமுன் காத்திருக்கும் அடுக்கில், ஏறியது. சேதத்தை ஏற்றிவிட்டு அதே கிரீச்சரைப் பலி கொடுத்தாலும் அடி விழும். 2009-இல் வந்த மேஜிக் 2010 விதிகள் அதை நீக்கின. எனக்கு அது சரியான முடிவு: அடியா, பலியா என்று இப்போது உண்மையாகவே யோசிக்க வேண்டியிருக்கிறது.

புதியவர்களுக்கு ஒன்று. தடுத்த கிரீச்சரை நடுவில் கொன்றாலும், தாக்குவது தடுக்கப்பட்டதாகவே இருக்கும். ட்ராம்பிள் இல்லையென்றால் எதிராளிக்கு ஒரு புள்ளிகூடப் போகாது. இருந்தால் முழுதும் போகும்.